கை இறங்கினால் ஒவ்வாமை

ஹம்சிகா அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்து முதன்முதலாகத் தும்மியது, பிரதேச செயலாளர் அரசாங்கத்தின் சாதனைகளை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான். முதல் தும்மலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் "கிராமிய வீதிகள்" என்றதும் இன்னொரு தடவை தும்மினாள். "குடிநீர்த் திட்டம்" என்றதும் தும்மினாள். "தோட்ட வீடமைப்பு" என்ற இடத்தில் அவர் அடுத்த வரிக்குப் போகவே முடியவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் சிரிக்கக்கூடாத இடத்தில் சிரித்தார்கள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றி, அது அழுக்காக இல்லாவிட்டாலும், துடைத்தார்.

காரணம் சாதனைகள் அல்ல. பூனை. அந்தச் செயலகத்தில் நிருவாக உத்தியோகத்தர் பதவி நீண்டகாலமாக வெற்றிடமாக இருந்ததால் அந்தக் கதிரையில் ஒரு பூனை படுத்திருந்தது. ஊழியர்கள் அதைப் பதவியின் ஆங்கிலச் சுருக்கத்தில் ஏ.ஓ. என்றே கூப்பிட்டார்கள். செயலாளர் தன் பகல் சாப்பாட்டிலிருந்து ஒரு மீன் துண்டை அதற்குத் தினமும் ஒதுக்கிவைப்பார். ஏ.ஓ.வின் கதிரைக்கு நேரெதிரே பயிலுநர் பட்டதாரி ஹம்சிகாவின் மேசை. முதுகுப் பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மானாப்புல் பூத்துக் கிடக்கும் மேடு. முன்னால் பூனை மயிர், பின்னால் மகரந்தம். நடுவில், ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் போகிற பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை, மூக்கைப் பிடித்தபடி.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் குளிசை கொடுத்தார்கள். நல்ல குளிசை. அது தும்மலையும் நிறுத்தியது, ஹம்சிகாவையும் நிறுத்தியது. தேநீர் வேளைக்கு முன்பே தலை கோப்பின் மேல் சாய்ந்துவிடும். எதிரே ஏ.ஓ.வும் தூங்கிக்கொண்டிருக்கும்.

"ரெண்டு பேர்ல ஒராளுக்குத்தான் சம்பளம்," என்றாள் பக்கத்து மேசை நுஸ்லா. "ஆனா பாக்குற ஆளுக்கு யாருக்கெண்டு சொல்லேலாது."

செயலாளர் கூப்பிட்டனுப்பினார். சிங்களத்தில், மிக மென்மையாகப் பேசினார். மென்மையாகப் பேசுகிற மேலதிகாரிகளிடம்தான் பயப்பட வேண்டும் என்பதை ஹம்சிகா அதற்குள் கற்றிருந்தாள். "உங்கள் பயிலுநர் காலம் முடியப்போகிறது, மகள். நிரந்தரமாக்குவதற்கு நான் சிபாரிசு எழுத வேண்டும். தும்முகிறவரை என்னால் சிபாரிசு செய்ய முடியாது. தூங்குகிறவரையும் முடியாது."

"பூனையை வெளியே விட்டால் சரிவரும் சேர்," என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள்.



"அது உங்களுக்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறது," என்றார் செயலாளர்.

சேவைமூப்பு என்ற ஒன்று உண்டு. அதற்கு எதிராக ஹம்சிகாவிடம் வாதம் இல்லை. அவளிடம் இருந்தது ஒரு வேலை மட்டும், அதுவும் இன்னும் முழுதாக அவளுடையதாகாத வேலை. அந்த வேலைக்காகத் தோட்டத்து வாசலில் அவளுடைய பட்டமளிப்புப் படம் போட்ட பதாகை கட்டியிருந்தார்கள். வெயிலில் முகம் வெளுத்து, தொப்பி மட்டும் கறுப்பாக மிஞ்சிய பிறகும் அதை அவிழ்க்க அம்மா அங்கம்மா விடவில்லை. "பெர்மனன்ட் ஆகட்டும், அப்புறம் அவுக்கலாம்," என்பது அங்கம்மாவின் உத்தரவு.

பலாபத்வலயில் ஒரு நிலையம் இருப்பதாகவும், அவர்கள் தரும் குணமடைந்ததற்கான சான்றிதழைத் தான் ஏற்பதாகவும் செயலாளர் சொன்னார். அதன் திறப்பு விழாவுக்கு நாடா வெட்டியவர் அவர்தான்.

*

பலாபத்வலயில், பிரதான வீதியோரம், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது மத்திய மலைநாட்டு அக்குபங்சர் ஒவ்வாமை நிவாரண மகாநிலையம். பெயர்ப்பலகை கட்டடத்தை விட நீளம். கடைசிப் பகுதி பக்கத்துக் கோழிக்கடையின் தலைக்கு மேல் தொங்கியதால், தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கோழிகளுக்கு நிவாரணம் கொடுக்கிற இடம்போலத் தெரியும்.

பணிப்பாளர் கலாநிதி சந்திரகாந்தா. அகில இலங்கை சமாதான நீதவான். கலாநிதிப் பட்டத்தை அவர் ஒரு ஹோட்டலில், பகல் சாப்பாட்டுடன் பெற்றிருந்தார். அந்தப் படம் சுவரில் இருந்தது. பின்னால் புரியாணிச் சட்டியும் தெரிந்தது.

"நான் மருத்துவம் படிக்கவில்லை," என்று அவரே முதலில் சொல்லிவிட்டார். புதிதாக வருகிறவர்களைக் கதிரைகளில் இருத்தி வரவேற்புரை ஆற்றுவது அங்கே வழக்கம். "படித்தவர்களிடம் ஒரு பிரச்சினை இருக்கிறது. நோய் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். நாங்கள் தேடுவதில்லை. ஊசி நோயைக் குணப்படுத்தாது, அன்பானவர்களே. நீ குணமாகிவிட்டாய் என்று உடம்புக்கு அறிவிக்கும். அதைக் கேட்பதும் கேட்காததும் உடம்பின் பொறுப்பு. இதுவரை எங்களிடம் வந்தவர்களில் குணமாகாதவர் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. ஆகவே எங்கள் வெற்றி பூரணமானது."

எல்லாரும் கைதட்டினார்கள். ஹம்சிகாவும் தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே கடைசி வாக்கியத்தை மனதுக்குள் இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தாள். அதற்குள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

சோதனை அறையில் கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் தண்ணீர்போல ஏதோ. ஒவ்வொன்றிலும் ஒரு லேபல்: பூனை, நாய், மானாப்புல், பைனஸ் மரம், அலுவலகத் தூசி. நோயாளி ஒரு கையில் குப்பியைப் பிடித்து, மற்றக் கையைத் தோள் உயரத்துக்கு நீட்ட வேண்டும். கை அழுத்தல் உத்தியோகத்தர் அந்தக் கையை மேலிருந்து அழுத்துவார். கை இறங்கினால் ஒவ்வாமை. நின்றால் சுகம்.

கை அழுத்தல் உத்தியோகத்தர் றம்ஸி. கீழே டயர் கடையில் வேலை செய்தவர். மேலே வெற்றிடம் வந்ததும் படியேறி வந்துவிட்டார்.

"இதுக்குள்ள என்ன சேர் இருக்கு?" என்று கேட்டாள் ஹம்சிகா.

"பூனை."

"தண்ணி மாதிரி இருக்கே."

"பூனையில்ல, பூனையிட சக்தி. நீங்க கையை நீட்டுங்க தங்கச்சி. ட்ரெயினிங் நடக்கக்குள்ள நான் பாதி நாள் லீவு. நிறையக் கேட்டா நான் மெடத்தக் கூப்பிட வேண்டி வரும்."

பயத்தில் அன்று காலை அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இரவு போட்ட குளிசையின் மயக்கமும் தெளியவில்லை. லொறி டயர் கழற்றிய கை மேலே வந்து பட்டதும் அவள் கை விழுந்தது. பூனைக்கு விழுந்தது. நாய்க்கு விழுந்தது. பைனஸுக்கு விழுந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த வெறுங்குப்பிக்கும் விழுந்தது.

கலாநிதி சந்திரகாந்தா வந்து பார்த்தார். "இது மிகை ஒவ்வாமை," என்றார் திருப்தியோடு. "இவருக்கு நேரடியாக ஊசி ஏற்றினால் உடம்பு குழம்பிவிடும். ஒரு பிரதிநிதி வேண்டும். அம்மா இருக்கிறாரா?"

"இருக்காங்க மெடம். ஆனா வருத்தம் எனக்குத்தானே?"

"இரத்தம் ஒன்றுதானே. பிரதிநிதியைச் சோதிப்போம், பிரதிநிதிக்கு ஊசி ஏற்றுவோம், குணம் உங்களுக்கு வந்து சேரும். நீங்கள் ஒரு பட்டதாரி. இது உங்களுக்கு விளங்கும்."

அப்படிச் சொன்ன பிறகு விளங்கவில்லை என்று சொல்ல ஹம்சிகாவுக்கு வெட்கமாக இருந்தது. விளங்காத இடத்தில் தலையாட்டுவதைத்தான் அவள் பல்கலைக்கழகத்தில் ஒழுங்காகக் கற்றிருந்தாள். தலையாட்டினாள்.

*

அங்கம்மா கொழுந்து பறிக்கிற மலைக்கு லீவு சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். பட்டமளிப்புக்குக் கட்டிய சேலையையே கட்டியிருந்தாள். நிலையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"இங்க கழட்டத் தேவையில்லம்மா. எல்லாரும் போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

"இருக்கட்டும்."

செருப்பில்லாத காலில் வெடிப்புகளும் அட்டை கடித்த தழும்புகளும் தெரிந்தன. காத்திருந்தவர்கள் பார்த்தார்கள். ஹம்சிகா அம்மாவுக்கு முன்னால் ஓரடி தள்ளி நின்றாள், பார்வையை மறைப்பதற்காக. மறைத்தது அம்மாவுக்காகவா தனக்காகவா என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும்.

றம்ஸி உள்ளே கூப்பிட்டார். அங்கம்மா கதிரையின் விளிம்பில், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக இருப்பவள்போல உட்கார்ந்தாள்.

"வணக்கங்க தொரை."

"தொரைன்னு சொல்லாதம்மா," என்று ஹம்சிகா காதுக்குள் முணுமுணுத்தாள். "சேர்ன்னு சொல்லு."

"சரிங்க தொரை சேர்," என்றாள் அங்கம்மா.

பூனைக் குப்பியை ஒரு கையில் கொடுத்தார்கள். மற்றக் கையை அவள் நீட்டினாள். தேயிலைக் கறை ஏறிய விரல்கள். றம்ஸி இரண்டு விரலால் அழுத்தினார். கை அப்படியே நின்றது. உள்ளங்கையால் அழுத்தினார். நின்றது. சட்டைக் கையை மடித்துவிட்டு, இரண்டு கையாலும் அழுத்தினார்.

வயதுக்கு வந்த நாளிலிருந்து கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி, இரண்டு கையையும் செடிக்கு மேலே நீட்டியபடியே நாளெல்லாம் நின்ற கை அது. அதற்கு இறங்கத் தெரியவில்லை.

"அம்மா, கையைக் கொஞ்சம் லூசா வைங்க."

"லூசாத்தாங்க வச்சிருக்கேன்."

"எதிர்ப்புக் காட்டாம இருக்கோணும்."

"ஐயோ, நான் எதுத்து ஒரு வார்த்தையும் பேசலீங்களே."

மறுபடி அழுத்தினார். அவருடைய நெற்றியில் வியர்வை துளிர்த்தது. மூச்சுச் சத்தம் வெளியே கேட்டது. காத்திருந்தவர்கள் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். டயர் கடையிலிருந்து ஒருவர் படியேறி வந்து, "றம்ஸி, ஜாக்கி கொண்டு வரவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். றம்ஸியின் ஒரு குதிகால் நிலத்தை விட்டு எழும்பியிருந்தது. அவர் கண்ணில் ஒரு கெஞ்சல் வந்தது. அதைப் பார்த்தவள் அங்கம்மா மட்டும்தான்.

கை இறங்கியது. பக்குவமாக, யாருக்கும் அடிபடாமல், முழங்கால் வரைக்கும்.

"கடும் ஒவ்வாமை," என்று எழுதினார் றம்ஸி, மூச்சு வாங்கியபடி.

அதற்குப் பிறகு சிரமம் இருக்கவில்லை. அங்கம்மாவுக்கு வழி தெரிந்துவிட்டது. மானாப்புல்லுக்கு றம்ஸி தொட்டதுமே இறக்கினாள். பைனஸுக்குத் தொடுவதற்கு முன்பே இறக்கினாள். வெறுங்குப்பிக்கும் மரியாதையில் குறை வைக்கவில்லை.

"ஏன்மா எறக்குன?" என்று ஹம்சிகா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் புள்ள தண்ணியா வேர்த்துப் போச்சுடி. ஒன் வேல அவங்க கையில இருக்கு. என் கைய எறக்குனா எனக்கென்ன கொறஞ்சு போகுது?"

ஊசிகள் அங்கம்மாவுக்கு ஏற்றப்பட்டன. கையில், காலில், காது மடலில், இரண்டு புருவத்துக்கும் நடுவில். குணம் பாய்வதற்காக ஹம்சிகா நிலத்தில் உட்கார்ந்து பிரதிநிதியின் இடது பாதத்தைப் பிடித்திருக்க வேண்டும். அது விதி. அங்கம்மாவுக்கு ஊசியை விட அதுதான் வலித்தது. "படிச்ச புள்ள எங்காலப் புடிச்சிக்கிட்டு," என்று காலை இழுத்துக்கொண்டே இருந்தாள். பிரதிநிதி ஒத்துழைக்க வேண்டும் என்று றம்ஸி கண்டித்த பிறகுதான் விட்டாள். ஹம்சிகாவுக்கு அந்தப் பாதத்தின் வெடிப்பு உள்ளங்கையில் அறுத்தது. தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் சுவரில் புரியாணிச் சட்டியோடு கலாநிதி தெரிவார்.

மறுநாள் அதே நேரம் தாண்டும்வரை பிரதிநிதி பூனைக்கும் பூவுக்கும் பக்கத்தில் போகக்கூடாது என்றார்கள். லயத்தில் பூனை. மலை முழுக்க மானாப்பூ, போதாததற்குத் தேயிலையும் பூத்திருந்தது. ஆகவே அங்கம்மா இன்னொரு நாள் பேரையும் கூலியையும் இழந்து, மகளின் வாடகை அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தாள். சும்மா இருக்கத் தெரியாமல் அங்கிருந்த துணியெல்லாம் துவைத்தாள். கழுவியிருந்த துணியையும் துவைத்தாள்.

*

குணமடைதலை உறுதிப்படுத்தும் வைபவம் நிலையத்தின் மண்டபத்தில் நடந்தது. பிரதம அதிதி பிரதேச செயலாளர். மகரந்த ஒவ்வாமையிலிருந்து ஒரு பட்டதாரி விடுபட்டதைக் கொண்டாட அவளுக்கு மல்லிகையும் சாமந்தியும் சேர்த்துக் கட்டிய பெரிய மாலை போட்டார்கள். பிரதிநிதிக்குச் சின்ன மாலை. செயலகத்து வாகனத்தில் ஏ.ஓ.வும் வந்திருந்தது, மரப்பெட்டியில், தனிச் சாரதியோடு.

ஹம்சிகா முட்டாள் அல்ல. காலையில் ஆஸ்பத்திரிக் குளிசையில் இரண்டை விழுங்கிவிட்டு வந்திருந்தாள். பூனையை மடியில் வைத்தார்கள். அவள் தும்மவில்லை. மாலையை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்கள். தும்மவில்லை. கண் பாதி மூடியிருந்தது. தலை மெதுவாக ஆடியது.

"பாருங்கள்," என்றார் கலாநிதி சந்திரகாந்தா, குரல் தழுதழுக்க. "தும்மிக்கொண்டிருந்த பிள்ளை. இப்போது முகத்தில் எவ்வளவு அமைதி. ஆஸ்பத்திரிக் குளிசையால் இப்படியொரு அமைதியைக் கொடுக்க முடியுமா?"

பிறகு கடைசிச் சடங்கு. பிரதிநிதியின் கையை மறுபடி அழுத்துவார்கள். இம்முறை அது இறங்காமல் நிற்க வேண்டும். நின்றால் சான்றிதழ். சான்றிதழ் வந்தால் சிபாரிசு.

இதை அங்கம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

றம்ஸி மேடையில் அவள் கையைத் தொட்டார். அவள் நன்றியோடு சிரித்து, கையைக் கீழே இறக்கினாள்.

றம்ஸி மறுபடி கையைத் தூக்கிவைத்துத் தொட்டார். இன்னும் பணிவாக இறக்கினாள். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கலாநிதியின் சிரிப்பு உதட்டில் மட்டும் நின்றது. அங்கம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ பிழையாகிவிட்டது என்று விளங்கியது. எழுந்து நின்று, தலையைக் குனிந்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"மன்னிச்சிக்கங்க தொரைமாரே. எப்பிடி வேணும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா அப்பிடியே வச்சிடுறேன். மேலயா, கீழயா?"

தமிழ் தெரிந்த பாதி மண்டபம் சிரித்தது. விழுந்து விழுந்து சிரித்தது. நிலையத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அங்கம்மாவைப் பார்த்துச் சிரித்தது. அவளும் கூடச் சிரித்தாள், எல்லாரும் சிரிப்பதால்.

"என்ன சொன்னார்?" என்று செயலாளர் ஹம்சிகாவிடம் சிங்களத்தில் கேட்டார்.

குளிசை மயக்கம் ஒரு நொடியில் போய்விட்டது. முகம், காது, கழுத்து எல்லாம் எரிந்தது. சொல்வதற்கு நல்ல பொய்கள் இருந்தன. அம்மாவுக்குக் களைப்பு என்று சொல்லலாம். உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்று சொல்லலாம். ஹம்சிகா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள், தொரைமாரே என்பதையும் சேர்த்து. இத்தோடு வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னாள். இத்தோடு இந்த நிலையமும் போயிற்று என்று நினைத்ததும் உண்டு.

செயலாளர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"நியாயமான கேள்வி," என்றார். "ஏன் இவருக்கு முன்கூட்டியே அறிவுறுத்தவில்லை? இது நிருவாகக் குறைபாடு. வழிகாட்டல்கள் தமிழில் இருக்க வேண்டும்."

"மேலே அம்மா," என்றார் கலாநிதி சந்திரகாந்தா.

"அதத்தானே முன்னாடியே சொல்லியிருக்கணும்," என்று சொல்லிவிட்டு அங்கம்மா கையை நீட்டினாள். றம்ஸி அழுத்தினார். பிறகு தொங்கினார். இரண்டு காலும் நிலத்தை விட்டு எழும்பியதைப் படம் பிடித்தார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

*

நிரந்தர நியமனம் வந்தது. கூடவே இன்னொரு கடிதமும் வந்தது. செயலகத்திலிருந்து ஹம்சிகா மகாநிலையத்துக்கு இணைக்கப்பட்டிருந்தாள், பிரதிநிதிகள் வழிகாட்டல் உத்தியோகத்தராக. மொழி உரிமையை நடைமுறைப்படுத்தும் விதமாக அந்தப் பதவி உருவாக்கப்பட்டதாம். கடமை ஒன்றுதான்: ஊசிக்கு முன்பு கீழே, ஊசிக்குப் பின்பு மேலே என்று தோட்டத்து ஆட்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

"ஒங்கட உம்மாட கேள்விக்கு அரசாங்கம் பதில் தந்திருக்கு," என்றாள் நுஸ்லா. "அந்தப் பதிலுக்கு மாசா மாசம் சம்பளமும் தருவாங்க."

லயத்தில் அங்கம்மா பாயாசம் காய்ச்சி எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். பதாகையை அப்போதும் அவிழ்க்கவில்லை. இப்போது நிரந்தரமாகத் தொங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சில வாரம் ஹம்சிகா சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அம்மாமார் வந்தார்கள், வாசலில் செருப்பைக் கழற்றினார்கள், பிள்ளைக்காகக் கையை நீட்டிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். கீழே, என்றாள். இறக்கினார்கள். மேலே, என்றாள். நிறுத்தினார்கள். அவர்கள் வணக்கம் வைக்கும்போது அவளால் நேரே பார்க்க முடியவில்லை. மேசையைப் பார்த்துப் பதில் வணக்கம் வைத்தாள்.

ஒரு திங்கட்கிழமை அவளுக்குப் பொறுக்கவில்லை. நிரந்தரமாக்கப்பட்ட ஒருத்தியை அவ்வளவு சுலபமாக வீட்டுக்கு அனுப்ப முடியாது என்ற தைரியமும் இருந்தது. வந்திருந்த பெண்களைப் படிக்கட்டிலேயே நிறுத்தி, "யாரு அழுத்துனாலும் கைய எறக்காதீங்க," என்றாள். "எத்தன பேரு தொங்குனாலும் சரி. எறக்காதீங்க."

அன்று ஒரு கைகூட இறங்கவில்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை. றம்ஸிக்குத் தோள் பிசகி அவருக்கே ஊசி ஏற்ற வேண்டி வந்தது. கை இறங்காவிட்டால் நோய் இல்லை, நோய் இல்லாவிட்டால் நிலையம் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்காக ஹம்சிகா காத்திருந்தாள்.

கலாநிதி சந்திரகாந்தா இரண்டு நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். மூன்றாம் நாள் ஊடகவியலாளர்களைக் கூப்பிட்டார்.

"கை இறங்கினால் ஒவ்வாமை," என்றார். "ஒரு கையும் இறங்கவில்லை. ஆகவே எங்கள் பிரதேசத்தில் ஒவ்வாமை ஒழிந்துவிட்டது. வந்த ஒவ்வொருவருக்கும் சுகச் சான்றிதழ் வழங்கிவிட்டோம். இந்தச் சாதனைக்குப் பின்னால், லயத்திலிருந்து வந்த ஓர் இளம் பட்டதாரியின் வழிகாட்டல் இருக்கிறது."

பொன்னாடை போர்த்தினார்கள். ஹம்சிகா அதைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை போர்த்திக்கொண்டே நின்றாள்.

சான்றிதழ் வாங்கிப் போன நிஷாந்தி என்ற பெண் திரும்பி வந்தது அதற்கு அடுத்த வாரம். ஹம்சிகாவின் அம்மா வேலை செய்கிற அதே தோட்டம், கீழ்க்கணக்குப் பிரிவு. இடுப்பில் மூன்று வயதுப் பெண்பிள்ளை. பிள்ளையின் விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு விசில் சத்தம்.

"மிஸ், நீங்க சொன்ன மாதிரி நான் கைய எறக்கவே இல்ல மிஸ்," என்றாள் நிஷாந்தி. "அந்த சேர் எவ்வளவோ அழுத்திப் பாத்தாரு. புள்ளைக்கி சொகம்னு எழுதிக் குடுத்தாங்க. அதான் மூச்சுக்கு ஆஸ்பத்திரியில குடுத்த பம்ப நிப்பாட்டிட்டேன். ஆனா இன்னும் இழுக்குதே மிஸ்."

ஹம்சிகா பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினாள். மாத்தளை ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போகும் வழியெல்லாம் அந்த விசில் அவள் காதோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் நிஷாந்திதான் பேசிக்கொண்டு வந்தாள், ஹம்சிகாவின் முகத்தைப் பார்த்து அவளைத் தேற்றுவதுபோல.

"ஒங்க அம்மாவ எனக்கு நல்லாத் தெரியும் மிஸ். ஒங்களுக்கு பெர்மனன்ட் ஆனப்ப எங்க வீட்டுக்கும் பாயாசம் வந்திச்சு. நம்ம தோட்டத்துல ஒங்கள மாதிரி யாருமே வரலன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. மெல்ல மெல்ல விசில் தணிந்தது. பிள்ளை அழ ஆரம்பித்தது. அழுவதற்கு மூச்சு வந்துவிட்டது என்றார் தாதி.

டொக்டர் இளம் பெண். ஹம்சிகாவின் வயதுதான் இருக்கும். தமிழில் பேசினார். பிள்ளையின் மருந்து அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிஷாந்தியைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா பிள்ளை இல்ல. பம்பை நிப்பாட்டச் சொன்னது யார்? பெயரைச் சொல்லுங்க. நான் மேலிடத்துக்கு எழுதி அனுப்ப வேணும்."

நிஷாந்தி கைகளை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தாள்.

"யாரும் சொல்லலீங்க தொரை. நானாத்தான் நிப்பாட்டுனேன்."

சொல்லிவிட்டு, சொன்னது சரிதானா என்று பார்க்க மெதுவாகத் திரும்பி, ஹம்சிகாவின் முகத்தைப் பார்த்தாள்.